கருங்கல் மலையும் புளித்த மண்ணும்

சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போனால், கடைக்காரர் காட்டும் பலகைகளில் சாம்பலும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்த கல் ஒன்று இருக்கும். புவியியலாளர்கள் கிரானைட் என்று ஒப்புக்கொள்வது அதைத்தான். பக்கத்தில் கூடுதல் விலைக்கு நிற்கும் ‘பிளாக் கிரானைட்’ பெரும்பாலும் டோலரைட் போன்ற வேறு பாறை. கல் வியாபாரத்தில் மெருகு ஏறும் கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். மேடைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மண்ணுக்கு இதுதான் தலையெழுத்து. கறுப்புக் கல்லில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் தாராளம். புள்ளிக் கல்லில் இரண்டுக்கும் பஞ்சம். மலை எந்தக் கல்லால் ஆனது என்று தெரிந்துவிட்டால், அதன் மேல் உண்டாகும் மண் புளிக்குமா, எந்த மரம் செழிக்கும், அடிவாரத்து ஓடையில் மீன் பிழைக்குமா என்பதுவரை ஓரளவு ஊகித்துவிடலாம்.

அந்தப் புள்ளிகளைக் கிட்டத்தில் பார்த்தால் மூன்று சரக்குகள் தெரியும். மங்கிய கண்ணாடி போல இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டம் கட்டமாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். நகத்தால் உரித்தால் தகடு தகடாக வருகிற, கறுத்து மினுங்குகிற துணுக்கு மைக்கா. நம் ஊர்ச் சிறுவர்கள் காக்காப்பொன் என்று பொறுக்குவார்களே, அதன் கறுப்பு உறவு. எடையில் எழுபது சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. கால்சியம் ஆக்சைடு ஒன்று, இரண்டு சதவீதம் தேறும். மெக்னீசியம் ஆக்சைடு பெரும்பாலும் ஒன்றுக்கும் கீழே. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டில் இதே கால்சியம் ஆக்சைடு பத்து சதவீதம் வரை இருக்கும். தக்காணத்துக் கரிசலின் வளத்துக்கு அது ஒரு காரணம். கிரானைட்டில் சாம்பல் சத்து மட்டும் பரவாயில்லை. ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் பொட்டாசியத்தை வைத்திருக்கின்றன. மணிச்சத்தோ அபடைட் என்ற கனிமத்தின் சிறு மணிகளில் மட்டும், அதுவும் அரிதாக.

இந்தப் பாறை எப்படி மண்ணாகிறது? முதல் அடி மழைநீர் கொடுப்பது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்திருப்பதால், மாசு ஏதும் சேராத மழையே லேசாகப் புளிப்பானது. அதன் பிஎச் சுமார் 5.6. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற மூச்சால் கரியமில வாயு பல மடங்கு பெருகுகிறது. நீர் இன்னும் புளிக்கிறது. அந்த நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி முதலில் கறுப்பு மைக்காவைப் பிடிக்கும். மைக்காவிலுள்ள இரும்பு துருவேறுகிறது, தகடுகள் உப்புகின்றன, உப்பிய தகடு அக்கம்பக்கத்து மணிகளை நெம்பிப் பிளக்கிறது. உளி தொட்டால் தீப்பொறி பறக்கும் கல், இப்படியே நாளடைவில் கையால் உதிர்க்கக்கூடிய சரளையாகிவிடுகிறது. அடுத்தது ஃபெல்ட்ஸ்பார். அது தன் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் நீருக்குக் கொடுத்துவிட்டு, கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணாக மாறுகிறது. குவார்ட்ஸை மட்டும் யாரும் அசைக்க முடியாது. கடைசிவரை மணலாகவே கிடக்கும். எந்தக் கனிமம் முன்னால் அழியும், எது பின்னால் என்ற வரிசையை 1938-இல் சாமுவேல் கோல்டிச் என்ற அமெரிக்கர் தொகுத்துக் காட்டினார். பூமியின் ஆழத்தில் அதிக வெப்பத்தில் முதலில் உறைந்தவை மேற்பரப்பில் முதலில் சிதைகின்றன. கடைசியில் உறைந்த குவார்ட்ஸ் கடைசிவரை தாங்குகிறது.

விளைவு என்ன? பருமணலும் சரளையும் மிகுந்த, களி குறைந்த மண். மழை பெய்தால் நிற்காமல் இறங்கிவிடும். நடுநடுவே உருண்டைப் பாறைகள். வெடிப்புகளின் ஓரங்களை நீர் தின்றுவிட, நடுவில் தின்னப்படாமல் மிஞ்சிய கருக்கள் அவை. மண் உருவாகும் வேகமும் பொறுமையைச் சோதிப்பது. மலைச்சரிவில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்றால் அதுவே நல்ல வேகம். சரிவு செங்குத்தானால் உண்டாகிற மண் தங்குவதும் இல்லை.

பாடப்புத்தகத்தில் இதைப் படிப்பதைவிட ஓர் இடத்தில் குழி வெட்டிப் பார்ப்பது மேல். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ஷயர் என்ற சிறு மாநிலம். ‘கிரானைட் மாநிலம்’ என்பது அதன் செல்லப்பெயர். அங்குள்ள வெள்ளை மலைகள் முழுக்க கிரானைட் அல்ல. ஷிஸ்ட் போன்ற உருமாறிய பாறைகளும் உண்டு. ஆனால் எல்லாம் சிலிக்கா மிகுந்த, சுண்ணாம்பு வற்றிய ரகம்தான். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன்வரை அவற்றைப் பெரும் பனிப்பாளம் மூடியிருந்தது. அது பழைய மண்ணை வழித்தெறிந்து, பாறையை அரைத்து, விலகும்போது கல்லும் மணலும் பொடியும் கலந்த குப்பையை விட்டுச் சென்றது. இன்றைய மண் அந்தக் குப்பையின் மேல் உண்டானது. புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை.

அங்கே ஸ்புரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த மேல்சரிவில் மண்வெட்டியைப் போட்டால், முதலில் அது மண்ணைத் தொடாது. பஞ்சு மெத்தை போல அமுங்கும் இலைமக்கு அடுக்கு. சில இடங்களில் ஒரு சாண் கனம். மேலே நேற்று விழுந்த ஊசிகள் பழுப்பாக, கீழே போகப் போக உருத்தெரியாமல் கறுத்து, விரலில் பிசுபிசுக்கும். அதில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை இழைகள். மண்புழுவைத் தேடிப் பயனில்லை. பனியுகத்துக்குப் பிறகு அந்த நிலத்துக்கு இயல்பான மண்புழுக்கள் திரும்பவே இல்லை. இன்று ஆங்காங்கே தென்படுபவை மனிதர் கொண்டுவந்தவை. இலையை மண்ணோடு பிசைந்து கலக்க ஆளில்லாததால் மக்கு மேலேயே தனி அடுக்காகத் தங்கிவிடுகிறது.

மக்கை வெட்டி விலக்கியதும் புதிதாகப் பார்ப்பவர் திகைப்பார். அடியில், அடுப்புச் சாம்பல் நிறத்தில் வெளிறிய மணல், சில விரற்கடை கனத்துக்கு. யாரோ வெளுத்துக் காயப்போட்டது போலிருக்கும். அதற்கும் கீழே, கத்தியால் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறும்: காப்பிப்பொடி போன்ற கறுப்பு, பிறகு துருச் சிவப்பு, பிறகு மஞ்சள் கலந்த பழுப்பு. கடைசியில் பனிப்பாளம் விட்டுப்போன சாம்பல் நிறக் கெட்டிச் சரளை. முழங்கால் ஆழத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

இந்த வகை மண்ணுக்குப் பாட்சால் என்று பெயர். ரஷ்ய மண்ணியலின் முன்னோடி டொகுசாயேவ் காலத்திலிருந்தே அறிவியலில் புழங்கும் சொல். அமெரிக்க வகைப்பாட்டில் ஸ்போடோசால். அடுக்குகள் உண்டாகும் விதத்தை நம் வீட்டு காப்பி ஃபில்டர் சொல்லிக் கொடுத்துவிடும். மேல் பாத்திரத்தில் ஊற்றிய வெந்நீர் தூளின் சாரத்தை இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது அல்லவா? இங்கே மழைநீர் இலைமக்கின் வழியே இறங்கும்போது கரிம அமிலங்களைக் கரைத்துக்கொள்கிறது. அந்த அமில மூலக்கூறுகள் இரும்பையும் அலுமினியத்தையும் நண்டு கொடுக்கால் கவ்வுவது போலக் கவ்விக் கீழே இறக்கிவிடுகின்றன. நிறம் கொடுத்த இரும்பு போய்விட, மேலே எஞ்சுவது வெறும் குவார்ட்ஸ் மணல். அந்தச் சாம்பல் அடுக்கு அதுதான். கொஞ்ச ஆழத்தில் பிடி தளர்ந்ததும் கரிமமும் இரும்பும் அலுமினியமும் படிகின்றன. கறுப்பும் சிவப்பும் அங்கே.

இதே வேலை நம் பக்கத்தில் தலைகீழாக நடப்பதை யோசித்தால் வியப்பாக இருக்கும். சேர்வராயன் மலையும் நீலகிரியும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. கிரானைட்டுக்கு நெருங்கிய இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை மேல் கிடக்கும் பலகை இந்தப் பாறைதான் என்பதால், பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே வைத்தார். ஊர் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது, இருக்கட்டும். ஏற்காட்டில் இந்தப் பாறையின் மேல் பாக்சைட் படிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அங்கிருந்து வெட்டிக் கொண்டுபோனார்கள். வெப்பமும் மழையும் மிகுந்த காலநிலையில் மக்கு சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறது. கவ்விக்கொண்டு போகக் கரிம அமிலம் போதாது. ஆகவே நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போகிறது. இரும்பும் அலுமினியமும் தங்கிச் செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் ஆகின்றன. குளிர்ந்த ஊசியிலைக் காட்டில் இரும்பும் அலுமினியமும் இறங்கி சிலிக்கா தங்குகிறது; வெப்ப மண்டலத்தில் சிலிக்கா போய் அவை தங்குகின்றன. கிட்டத்தட்ட ஒரே பாறை, ஒரே மழைநீர். இடையில் வெப்பமும் இலையும் மட்டும் மாறின. ஆனால் இரண்டிலும் கால்சியமும் மெக்னீசியமும் கழுவிக்கொண்டு போவதில் மாற்றமில்லை. அதனால் இரண்டு மண்ணும் புளிப்புத்தான்.

புளிப்பு என்று சொல்லிக்கொண்டே போகிறோம். அதனால் கெடுதல் என்ன? நியூ ஹாம்ஷயர் குழியில் தாது மண்ணின் பிஎச் 4.5 அல்லது அதற்கும் கீழே. மேலிருக்கும் மக்கு இன்னும் புளிப்பு. பிஎச் அளவு மடங்குக் கணக்கு: 6-க்கும் 4-க்கும் இடையே அமிலம் நூறு மடங்கு வேறுபடும். களிமண் துகள்களும் மக்கும் எதிர்மின் சுமை கொண்டவை. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது இறங்கி வரும். புளித்த மண்ணில் அந்த இருக்கைகளை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளை மலைகளில் சத்து அயனிகளுக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

எதிரிகளில் பெரியது அலுமினியம். பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் உலோகம் அதுவே. சாதாரண மண்ணில் கனிமத்துக்குள் அடங்கிக் கிடக்கும். பிஎச் 5-க்குக் கீழே போனதும் கரைந்து நீரில் கலக்கிறது. வேர்நுனியை அது தொட்டால் நுனி நீளாமல் தடித்துக் கட்டையாகிவிடும். கால்சியம் உள்ளே போகும் வாசலையும் அடைக்கும். ஓடைக்குப் போனால் மீனின் செவுளைக் கெடுக்கும். பயிர்களில் பல இதைத் தாங்காது. தாங்கும் செடிகளும் உண்டு. அதில் ஒன்றை நாம் தினமும் குடிக்கிறோம். தேயிலைச் செடி அலுமினியத்தை இலையில் சேர்த்துக்கொண்டே நன்றாக வளர்கிறது. பிஎச் 4.5 முதல் 5.5 வரையிலான மண்தான் அதற்குப் பிடித்தம். நம் மலைகளில் தேயிலை ஊன்றிக்கொண்டதற்கு மண்ணின் புளிப்பும் துணை.

இவ்வளவு வறிய மண்ணில் இருபது, முப்பது மீட்டர் உயர மரங்கள் நிற்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை பாறையில் பாதி, காட்டில் பாதி. பாறையிடமிருந்து வாங்கும் வேலையில் பூஞ்சைகள் முன்னால் நிற்கின்றன. ஸ்புரூஸ், பீச், பிர்ச் மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறை போலப் போர்த்தியிருக்கும். அதிலிருந்து பிரியும் இழைகள் கனிமத் துகள்களை எட்டும். 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, பாட்சால் மண்ணின் வெளிறிய அடுக்கிலிருந்து எடுத்த ஃபெல்ட்ஸ்பார் மணிகளுக்குள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த விட்டமுள்ள வழவழப்பான துளைகளைக் காட்டியது. இழைகளின் நுனி அமிலம் கசியவிட்டுக் கல்லைக் குடைந்து போன தடங்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். மொத்தச் சத்தில் இந்தத் துளைகளின் பங்கு சிறியது என்று பின்னால் வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அந்த மாற்றுக் கருத்தே சரியென்று படுகிறது. பாறை தருவது சொட்டுச் சொட்டாகத்தான். காட்டின் சாமர்த்தியம் கிடைத்ததை விடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. உதிர்ந்த இலை மக்குகிறது. மக்கிலிருந்து வெளிவரும் சத்தை, அது கீழே நழுவுமுன் மெல்லிய வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் அந்த மரங்களின் வேர் பெரும்பாலும் மேல் ஒரு முழத்துக்குள் பரவிக் கிடக்கிறது. பெருங்காற்றில் மரம் சாய்ந்தால் வேர்த்தட்டு மூடி போலப் பெயர்ந்து நிற்கும்; வேர்களின் இடுக்கில் தலையளவு கற்கள் இறுகிப் பிடித்தபடி தொங்கும். அந்தப் பள்ளமும் அதன் பக்கத்து மேடும் நூற்றாண்டுகளுக்கு அழியாது. காட்டின் தரை மேடும் பள்ளமுமாக இருப்பதற்கு விழுந்த மரங்களே காரணம். மண்புழு செய்யாத உழவை அவை செய்கின்றன.

காடு இப்படிச் சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை ஊகமாக விடாமல் அளந்து காட்டிய இடம் அதே வெள்ளை மலைகளில் இருக்கிறது: ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காடு. அமெரிக்க வனத்துறை 1955-இல் அமைத்தது. 1963-இல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ், நோய் ஜான்சன், ராபர்ட் பியர்ஸ் ஆகியோர் அங்கே ஓர் எளிய யோசனையோடு இறங்கினார்கள். அடிப்பாறை நீர் புகாதது. ஆகவே சிறு பள்ளத்தாக்கில் பெய்யும் மழையும் பனியும், ஆவியாகிப் போவது தவிர, அடிவாரத்து ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். மேலே மழையில் வரும் சத்தை அள, கீழே ஓடையில் போவதை அள. இடையில் நடப்பது தெரிந்துவிடும். ஓடைவாயில் அடிப்பாறையோடு சேர்த்துக் கான்கிரீட் மடை கட்டினார்கள்.

1965 இறுதியில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்கள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்து, கட்டைகளை எடுக்காமல் அப்படியே போட்டார்கள். மூன்று கோடைகளுக்குக் களைக்கொல்லி தெளித்து எதுவும் முளைக்கவிடவில்லை. இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது சந்தேகம். முதல் ஆண்டில் ஓடைநீர் சுமார் 40 சதவீதம் கூடியது. உறிஞ்ச மரம் இல்லை. அதைவிட அதிர்ச்சி தந்தது நைட்ரேட்: பல பத்து மடங்கு ஏறி, குடிநீருக்கு அனுமதித்த அளவைத் தாண்டியது. மக்கிலிருந்த தழைச்சத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட் ஆக்கும்போது அமிலம் பிறக்கும். அந்த அமிலம் கால்சியத்தையும் மற்றதையும் இருக்கையிலிருந்து கிளப்பி ஓடைக்குத் தள்ளியது. உரம் பாறையிலோ மணலிலோ இருந்திருந்தால் மரம் போனதும் இப்படிக் கொட்டியிருக்காது.

அதே அளவீடுகள் எதிர்பாராத இன்னொன்றையும் காட்டின. அங்கே பெய்த மழையின் பிஎச் 4 அளவில் இருந்தது. மின்நிலையங்கள் எரித்த நிலக்கரியின் கந்தகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கந்தக அமிலமாக மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வட அமெரிக்காவில் அமில மழை பொதுப் பேச்சானதற்கு இந்தக் கணக்குகள் பெரிய காரணம். சுண்ணாம்புக் கல் நிலத்தில் இதே மழை பெய்தால் மண் முறித்துவிடும்; பெரிதாக ஒன்றும் ஆகாது. முறிக்கச் சுண்ணாம்பு இல்லாத கிரானைட் மண்ணோ தன் சொற்பக் கால்சியத்தைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தது. நார்வேயின் தென்பகுதியிலும் பாறை இதே ரகம். அங்கே ஆறுகளில் சால்மன் மீன் அற்றுப்போனது.

1990-இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டபின் கந்தகம் குறைந்தது, மழை தேறியது. காடு மட்டும் தேறவில்லை. 1996-இல் லைக்கன்ஸும் கூட்டாளிகளும் காரணத்தைச் சொன்னார்கள்: மண்ணில் வேருக்கு எட்டும் கால்சியம் பெருமளவு கழுவிக்கொண்டு போய்விட்டது; பாறை அதைத் திருப்பிக் கொடுக்கும் வேகம் மிக மிகக் குறைவு. இதைச் சோதிக்க 1999 அக்டோபரில் 11.8 ஹெக்டேர் பள்ளத்தாக்கு ஒன்றின் மேல் ஹெலிகாப்டரில் வோலஸ்டோனைட் உருண்டைகளைத் தூவினார்கள். கால்சியம் சிலிக்கேட் கனிமம் அது. சுண்ணாம்பைப் போலச் சட்டென்று காரமேற்றாமல், பாறை தருவதைப் போல மெல்லக் கரையும். 2003 குளிர்காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க ஸ்புரூஸ் ஊசிகள் பனியில் கருகிச் சிவந்தபோது, கால்சியம் பெற்ற பள்ளத்தாக்கில் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. சுகர் மேப்பிள் கன்றுகள் பிழைத்தன. பதினைந்து ஆண்டு முடிவில், பக்கத்துப் பள்ளத்தாக்கைவிட 21 சதவீதம் கூடுதல் மரமும் 11 சதவீதம் கூடுதல் இலையும் உண்டாகியிருந்தன.

ஆய்வுக்காக ஒரு பள்ளத்தாக்கில் இதைச் செய்யலாம். மலைத்தொடர் முழுக்க ஹெலிகாப்டரில் கால்சியம் தூவ முடியாது, தூவவும் கூடாது. புளிப்பு மண்ணுக்கே பழகிய செடியும் பாசியும் பூஞ்சையும் அங்கே வாழ்கின்றன. ஆகவே இருப்பதைக் கொண்டுபோகாமல் இருப்பதே செய்யக்கூடிய காரியம். மரத்தின் கால்சியத்தில் பெரும்பங்கு பட்டையிலும் கிளையிலும் இலையிலும் இருக்கிறது. எரிபொருளுக்கென்று மரத்தை முழுசாக, தூரிலிருந்து நுனிவரை அரைத்து லாரியில் ஏற்றும் பழக்கம் இத்தகைய மலைகளுக்கு ஒத்து வராது. வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் நடுமரத்தை மட்டும் எடுங்கள். கிளையும் தழையும் முடிந்தால் பட்டையும் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ நாலு சென்ட் தோட்டம் வைத்திருப்பவருக்கும் இதுவே பொருந்தும்: காய்கறிப் பாத்திக்கு மண்ணைப் பரிசோதித்து அளவாகச் சுண்ணாம்பு போடுங்கள், மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள்.